மஞ்சள் மார்க்கரும் பட்டை ஏணியும்

நான் பாறை ஏறுகிறேன் என்று கம்பெனி கேன்டீனில் சொன்னபோது யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒருவர் மட்டும் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "படிக்கட்டு இருக்கற பாறையா?" என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. நான் ஏறுகிற விதத்தில் படிக்கட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

பாறை ஏறுவதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, பெங்களூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வரும் ஒல்லிப் பிள்ளைகள் செய்வது. விரல் நுனியால் பாறையைப் பிடித்துக்கொண்டு பல்லி மாதிரி போய்விடுவார்கள். இடுப்பில் கயிறு இருக்கும், ஆனால் அது விழுந்தால் பிடிப்பதற்கு மட்டும். இன்னொன்று எங்களுடையது. பாறை விரிசலில் ஓர் உலோக ஆப்பைச் செருகி, அதில் நைலான் பட்டையால் தைத்த ஏணியை மாட்டி, அதில் ஏறி நின்று, கைக்கு எட்டிய உயரத்தில் அடுத்த ஆப்பைச் செருகி, அதில் இன்னொரு ஏணியை மாட்டி, அதற்கு மாறி, பிறகு முதலிலிருந்து இதையே மறுபடி செய்வது. இதற்கு எய்ட் கிளைம்பிங் என்று பெயர். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவர் இதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழலாம். போடக் கூடாது என்பதுதான் விதி.

என் மனைவி முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஏணி போட்டு ஏறறதுக்கு எதுக்குங்க பாறை? நம்ம வீட்டுலயே ஒட்டடை அடிக்கலாம்ல?"

எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே உயரம் என்றால் வரப்பு. பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் வேலை கிடைத்து, ஓசூர் வந்து, மத்திகிரியில் வாடகைக்கு வீடு பிடித்த பிறகுதான் பாறை என்ற ஒன்றை நான் பக்கத்தில் பார்த்தேன். இந்தப் பக்கம் அது வயலுக்கு நடுவிலும் நிற்கும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் நிற்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கம்பெனி பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கும் கூட்டத்தில் நான் மட்டும் பாறையைப் பார்த்துக்கொண்டு வருவேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பார்ட்னர் கிடைத்தது பைக் சீட்டு வழியாக. என் பைக் சீட்டைப் பக்கத்து வீட்டுப் பூனை கிழித்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோனேன். ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலிலும் பேரம் பேசுவார். என்னைவிட அகலம். கடையில் அன்றைக்கு ஒரு பெரிய மெத்தை கிடந்தது. படுக்க ஆகாது, உட்கார ஆகாது, தோளில் மாட்டிக்கொள்ள வார் மட்டும் வைத்திருந்தது. பெங்களூர்ப் பையன் ஒருவன் கிழிந்துபோனதைத் தைக்கக் கொடுத்திருந்தான்.

"இது என்னா தெரியுமா ஜி? பாறையில இருந்து விழறதுக்குன்னே கொண்டுபோற மெத்தையாம். விழறதுக்குப் பிளான் பண்ணிட்டு ஏறறானுங்க," என்றார் பாய்.

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். மெத்தை வாங்க வந்த பையன் எங்கள் சிரிப்பைப் பார்த்து, "நீங்களும் வாங்களேன் அங்கிள்," என்றான். அந்த 'அங்கிள்'தான் பாயைக் கிளப்பிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். இரண்டு பேரும் மாறி மாறித் தரையை விட்டு ஓர் அடி எழும்புவதும் மெத்தையில் உட்காருவதுமாக மதியம் வரை போனது. பையனுக்கே பாவமாகிவிட்டது. "உங்களுக்கு எய்ட் கிளைம்பிங் சரியா வரும். அதுல பலம் வேண்டாம், பொறுமை போதும்," என்றான். அந்தப் பையன்தான் அடுத்த சில மாதங்கள் எங்களுக்குக் கயிறு கட்டவும், ஆப்பு செருகவும், விழுந்தால் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தான். பிறகு வேலை கிடைத்து வெளிநாடு போனபோது தன் சாமான்களை எங்களிடமே கொடுத்துவிட்டான். பாய் அதற்குப் பதிலாக அவன் அப்பா காருக்கு முழு செட் சீட் கவர் தைத்துக் கொடுத்தார்.

கயிறு, இடுப்புப் பட்டை, ஹெல்மெட் மூன்றிலும் நாங்கள் விளையாடவில்லை. ஏணிகளை மட்டும் பாயே தைத்தார். கார் சீட் பெல்ட் பட்டை, கனமான நூல், லாரி சீட் தைக்கும் மெஷின். மெரூன் நிறத்தில் படிகள், ஓரத்தில் ஒரு லாரிக்காரர் வேண்டாம் என்று விட்டுப்போன தங்க நிற பார்டர். தைத்து முடித்ததும் கடை ஷட்டருக்கு மேலே இருந்த இரும்பு உத்தரத்தில் மாட்டி, அதில் ஏறி நின்று பாய் குதித்துப் பார்த்தார். சீட் கவர் விலை கேட்க வந்த ஒரு குடும்பம் வாசலிலிருந்தே திரும்பிப் போனது. "தையல் நிக்குது ஜி. வியாபாரம்தான் போச்சு," என்றார் பாய்.

இனி எங்களுக்கு வேண்டியது விரிசல். இந்தப் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் வழுக்கை. யானை முதுகு மாதிரி உருண்டு கிடக்கும், ஆப்பு செருக ஒரு கோடு இருக்காது. பல ஞாயிறுகள் பைக்கில் சுற்றி, ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே ஒரு சின்ன ஊரின் பின்னால் அதைக் கண்டுபிடித்தோம். தனியாக நிமிர்ந்து நிற்கும் பாறை. அடியிலிருந்து நடு வரைக்கும் விரல் நுழையும் ஒரு விரிசல். அங்கே கொஞ்ச தூரம் விரிசலே இல்லாத மொட்டை. அதற்கு மேலே விரிசல் மறுபடி தொடங்கி, தொப்பை மாதிரி முன்னால் தள்ளிய இடத்துக்கு அடியில் போய் முடிந்தது. பைக்கில் போய் வரும் தூரத்தில் எங்களுக்கு வாய்த்த ஒரே விரிசல் அதுதான். வேறு போக்கிடம் கிடையாது.

பாறைக்கு அடியில் ஒரு அக்காவின் வீடு. ஆடு வளர்ப்பவர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், ஆடுகளிடம் இரண்டிலும் வசவு. முதல் நாள் எங்கள் மூட்டையைப் பிரிக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏணியைத் தூக்கிப் பிடித்து, "இது எதுக்கு?" என்று கேட்டார்.

"ஏறறதுக்கு அக்கா," என்றார் பாய்.

"மேல என்னா இருக்குது?"

"ஒண்ணுமில்ல."

"எறங்கி வந்துருவீங்களா?"

"ஆமா அக்கா."

அக்கா பாறையை அண்ணாந்து பார்த்தார். "அந்தப் பக்கம் சுத்திப் போனா ஆடே ஏறிப்போவுது. மேல நின்னு தழை திங்கும்," என்றார். பிறகு எங்களைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தவராக, "சரி, ஏறுங்க. ஆட்டு மேல மட்டும் விழாதீங்க," என்று போய்விட்டார். அதுதான் எங்களுக்குக் கிடைத்த அனுமதி.

கற்றுக்கொண்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஆப்பைச் செருகியதும் அதை நம்பி ஏறி நின்றுவிட முடியாது. முதலில் ஒரு காலை மட்டும் வைத்து மெல்ல பாரம் கொடுக்க வேண்டும். பிறகு முழு உடம்பையும் தொங்கவிட்டு, ஏணியில் நின்றபடி குதித்துப் பார்க்க வேண்டும். பிடுங்கிக்கொண்டு வருவதாக இருந்தால் இப்போதே வரட்டும் என்று. இந்த வேலையில் பாயை அடிக்க ஆளில்லை. அவர் குதித்து நின்ற ஆப்பில் ஒரு மினி லாரியைக் கட்டித் தொங்கவிடலாம். நான் குதித்தால் ஆப்புக்கே சந்தேகம் வரும். பாய் செருகுவார், குதிப்பார், "பாத்துக்கலாம் ஜி," என்று போய்விடுவார். நான் செருகுவேன், எட்டிப் பார்ப்பேன், டார்ச் அடிப்பேன், மறுபடி எடுத்துச் செருகுவேன். கீழேயிருந்து பாய், "ஜி, அது ஆப்பு. பொண்ணு பாக்கப் போகல," என்பார். ஆப்பு சமாச்சாரம் வீட்டுக்குத் தெரிந்த அன்று என் மனைவி, "ஆப்பசைச்ச குரங்கு கதையா ஆவாம பாத்துக்கங்க," என்றாள். கேட்டுக்கொண்டேன்.

ஆனால் கண்டம் ஆப்பில் வரவில்லை, என் வேலைப் புத்தியில் வந்தது.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை முறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு இல்லாத போல்ட் முறுக்காத போல்ட். யார் சத்தியம் செய்தாலும் அது லைனைத் தாண்டாது. இத்தனை வருஷம் இதைச் செய்து செய்து எனக்குக் கை அதுவாகவே போகும். வீட்டு கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரிலும் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. அதை மனைவி அழிப்பதை நிறுத்திவிட்டாள்.

அந்தப் புத்தியோடு பாறையிலும் செய்தேன். ஓர் ஆப்பு குதித்துப் பார்த்து நின்றுவிட்டால், அந்த இடத்தில் விரிசலுக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. பக்கத்தில் எந்த அளவு ஆப்பு என்று ஓர் எண். அடுத்த முறை தடவித் தேட வேண்டாம் பாருங்கள். பாய் செருகிய இடங்களுக்கும், பின்னால் ஆப்புகளைக் கழற்றிக்கொண்டு ஏறும்போது நானே கோடு போட்டேன். இப்படி மொட்டைப் பகுதி வரைக்கும் கோடும் எண்ணுமாக அழகாக ஏறிப்போயிற்று. தூரத்திலிருந்து பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த பாறை.

மொட்டைப் பகுதியில் எங்கள் வண்டி நின்றுவிட்டது. அங்கே ஆப்புக்கு இடமில்லை. ஒரு சின்ன விளிம்பு, கட்டைவிரல் நகம் அளவுக்கு. அதில் ஓர் இரும்புக் கொக்கியைச் சும்மா மாட்டி, அதில் ஏணியைத் தொங்கவிட்டு நின்றால் மேலே விரிசல் எட்டும். சும்மா மாட்டி என்பதுதான் பிரச்சினை. செருகுவது இல்லை, இறுக்குவது இல்லை, நம் பாரம்தான் அதைப் பிடித்திருக்கும். நான் மூன்று ஞாயிறு அதன் முன்னால் தொங்கிவிட்டு இறங்கினேன். நாலாவது ஞாயிறு பாய், "நான் பாக்கறேன்," என்று ஏறினார்.

அன்றைக்குத்தான் ஊர் வந்தது.

பாய் நடுப்பாறையில் ஏணியில் நிற்கிறார். நான் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் காலடிச் சத்தம். ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டம். முன்னால் அந்த அக்கா. முதல் நாள் எங்களை ஏற விட்டபோது இருந்த அந்த அலட்சியம் முகத்தில் இல்லை.

ஒருவர் என் தோளைத் தொட்டார். "யார் அனுப்புனாங்க உங்கள?"

"யாரும் அனுப்பலீங்க. நாங்களா வந்தோம்."

"அப்ப அது என்னா?" என்று அண்ணாந்து மஞ்சள் கோடுகளைக் காட்டினார். "கோடு போட்டு நம்பர் போட்டுருக்கு. எத்தன வெடி? எந்தக் குவாரி?"

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. பிறகுதான் வெடி என்ற சொல் உறைத்தது. பக்கத்து ஊரில் ஒரு குன்று இருந்த இடத்தை நாங்கள் வரும் வழியில் ஒவ்வொரு முறையும் கடப்போம். இப்போது அது தண்ணீர் நிற்கும் பள்ளம். அதற்கும் ஒரு நாள் யாரோ வந்து கோடு போட்டு நம்பர் எழுதித்தான் ஆரம்பித்தார்களாம். நாங்கள் பாட்டுக்கு வாராவாரம் வந்து, கயிறு கட்டி ஏறி, துளைக்கு அளவெடுப்பது போல எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறோம்.

"கயித்த விட்டுட்டு இப்புடி வா. ஊருக்குள்ள வந்து பேசு," என்றார் அவர்.

"விட முடியாதுங்க. மேல ஆள் இருக்காரு."

"அவன எறங்கச் சொல்லு."

"சொல்லலாம். ஆனா நேரம் ஆகும்."

இதற்குள் பாய் மேலிருந்து தெலுங்கில் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினார். மேலே நின்று பேசினால் எந்தச் சமாதானமும் அதிகாரமாகத்தான் கேட்கும். கூட்டம் இன்னும் சூடானது. நான், "பாய், பேசாம எறங்குங்க," என்று கத்தினேன். பாய் நின்றிருந்த ஆப்பில் கயிற்றை மாட்டி, நான் கொஞ்சம் கொஞ்சமாக விட, கீழே வரத் தொடங்கினார். ஏணி ஒன்று சிக்கிக்கொண்டது. அவர் நிறுத்தி, அதை விடுவித்து, மறுபடி இறங்கினார். கோபத்தோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒருவர் பீடி பற்றவைத்தார். எய்ட் கிளைம்பிங்கைப் பார்த்துக்கொண்டே யாராலும் நெடுநேரம் கோபமாக இருக்க முடியாது.

பாய் தரையில் கால் வைத்ததும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனி, போல்ட், மார்க்கர், ஆப்பு அளவு. சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்துக் காட்டினேன். நான் சொன்னது உண்மை என்பதால்தான் இன்னும் நம்ப முடியாததாக இருந்தது. அக்கா மட்டும் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க அவங்க இல்ல," என்றார் கடைசியில். "அவங்களுக்கு இவ்ளோ நேரம் ஆவாது."

எங்களை விட்டார்கள். ஆனால் கோடுகளை விடவில்லை. அக்கா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தம்பி, நீ எதுக்குப் போட்டியோ போட்ட. நாளைக்கு ஜீப்புல ஒருத்தன் வந்து பாத்தா, ஏற்கெனவே யாரோ அளந்துட்டாங்கன்னு நெனச்சு வேலையத் தொடங்கிருவான். என் வூடு இதுக்கு அடியில இருக்குது. இது போச்சுன்னா நானும் போவணும். ஒரு கோடு இருக்கக் கூடாது."

எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. எனக்கு விளையாட்டு, அவருக்கு வீடு. "அழிச்சுர்றேன் அக்கா," என்றேன்.

அந்த மார்க்கர் எண்ணெய், கூலன்ட், சூடு எதிலும் அழியக் கூடாது என்று சோதித்து வாங்கப்பட்டது. சோதித்து வாங்கிய குழுவில் நானும் இருந்தேன். அடுத்த ஞாயிறு தின்னர், கம்பி பிரஷ் எல்லாம் கொண்டுபோய்க் கீழே கைக்கு எட்டிய முதல் கோட்டைத் தேய்த்தேன். மஞ்சள் கொஞ்சம் போயிற்று. கூடவே பாறையின் கருப்பும் போய், கோடு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பட்டை. முன்பு நெருங்கினால் தெரிந்தது இப்போது ரோட்டிலிருந்தே தெரிந்தது.

அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். பாய் பார்த்தார். ஆடுகளும் பார்த்தன. அப்போதுதான் அக்கா வீட்டுக்குள் போய் ஒரு வாளியில் சுண்ணாம்பும் ஒரு டப்பாவில் காவியும் கொண்டுவந்து வைத்தார். வீட்டுச் சுவருக்குப் பொங்கலுக்கு அடித்து மிஞ்சியது.

"மேல வெள்ளப் பட்ட, செவப்புப் பட்ட. வெள்ள, செவப்பு. கடைசி வரைக்கும் போட்டு வா. அதுக்கு மேல யாரும் கை வெக்க மாட்டான்," என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்கள் கதையில் குரங்குச் சேட்டைக்குப் போய்ச் சாமியாக முடிந்தது.

வேடிக்கை பார்க்கக் கூடிய ஊர்க்காரர்களில் ஒருவர் தயங்கினார். "கூட நிக்கறது பாய் ஆச்சே. சாமி காரியம்…"

அக்கா திரும்பினார். "அப்ப நீ கயித்தப் புடிக்கிறியா?"

அவர் பாறையை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். பாய் சிரித்துக்கொண்டே, "அண்ணா, நான் தைக்கிற லாரி சீட்டு மேல உக்காந்துதான் உங்க சாமிங்க ஊர் ஊராப் போறாங்க. யாரும் குத்தம் சொன்னதில்ல," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கோடு போட்டவன் நான் என்பதால் ஏற வேண்டியவனும் நான். இடுப்பில் ஆப்புகள், ஏணிகள், ஒரு பக்கம் சுண்ணாம்புத் தூக்கு, மறுபக்கம் காவி டப்பா. கிளம்பும்போது அக்கா என் காலைப் பார்த்தார். "செருப்போட ஏறுவியா?"

"ஷூ அக்கா. இன்னும் சாமி ஆவலியே?"

"பூசப் போறதுதான? அவுத்துட்டு ஏறு."

வெறுங்காலோடு பட்டை ஏணியில் நின்று பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். சீட் பெல்ட் பட்டை பாதத்தை நடுவில் பிளந்துவிடும் போலிருந்தது. தங்க பார்டர் இன்னும் அறுத்தது. கீழேயிருந்து பாய், "தையல் எப்புடி இருக்கு ஜி?" என்று அக்கறையாக விசாரித்தார். ஒவ்வொரு மஞ்சள் கோட்டின் மேலும் வெள்ளைப் பட்டை, பக்கத்தில் காவிப் பட்டை என்று பூசிக்கொண்டே போனேன். சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாகப் பாய் ஹெல்மெட்டிலும் தாடியிலும் விழுந்தது. அவர் ஒரு முறைகூடக் கயிற்றிலிருந்து கையை எடுத்துத் துடைக்கவில்லை. அதை நான் மேலிருந்து பார்த்தேன்.

கடைசிக் கோட்டையும் பூசிவிட்டேன். மொட்டைப் பகுதிக்கு வந்திருந்தேன். "முடிஞ்சுது அக்கா," என்றேன்.

"இன்னும் மேல போ," என்றார் அக்கா.

"மேல கோடே இல்லையே?"

"தெரியும். அந்தத் தொப்பக்கிட்டப் போயி, பெருசா மூணு பட்ட போடு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொக்கியை எடுத்தேன். அந்த நக அளவு விளிம்பில் மாட்டினேன். ஏணியை மாட்டினேன். ஒரு காலை வைத்தேன். கொக்கி கிறீச் என்று ஒரு சத்தம் போட்டது. குதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை வருஷ வேலையில் சோதிக்காமல் நான் எதையும் விட்டதில்லை. பாய் கீழேயிருந்து, இந்த முறை சிரிக்காமல், "ஜி, நான் புடிச்சிருக்கேன். நில்லுங்க," என்றார். நின்றேன். கொக்கியும் நின்றது. மூச்சு விடாமல் மேலே எட்டி விரிசலில் ஓர் ஆப்பைச் செருகி, அதற்கு மாறிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அனிச்சையாகக் கை சட்டைப் பைக்குப் போயிற்று. நல்ல வேளை, மார்க்கரை அக்கா முதலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

தொப்பைப் பாறைக்கு அடியில் தொங்கிக்கொண்டு மூன்று பெரிய பட்டை போட்டேன். வெள்ளை, சிவப்பு, வெள்ளை. கீழே யாரோ ஒரு பெண் குலவை போட்டார். நான் இறங்கி வந்ததும் ஒருவர் பாறை அடியில் கற்பூரம் ஏற்றினார். பாய் தாடியெல்லாம் சுண்ணாம்போடு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு நான் அக்காவிடம் கேட்டேன். "கோட்ட மறைக்கறதுக்குக் கீழ இருக்கறதே போதுமே. மேல எதுக்கு?"

"பக்கத்து ஊர்க் குன்னுலயும் சாமி இருந்துச்சு தம்பி," என்றார் அக்கா. "அடியில இருந்துச்சு. ஒரு நாள் பூச பண்ணி, எடுத்து, ரோட்டோரம் ஷெட்டு போட்டு வெச்சுட்டாங்க. அப்புறம் குன்ன ஒடச்சாங்க. எட்டற எடத்துல இருந்தா சாமிய எடுத்துருவாங்க. இத எப்புடி எடுப்பாங்க? அங்க ஏறத் தெரிஞ்சது நீங்க ரெண்டு பேருதான்." காலி வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார். "யாராச்சும் வந்து கேட்டா, ஏறத் தெரியாதுன்னு சொல்லிருங்க."

"எங்களுக்கு ஒழுங்கா ஏறத் தெரியாதுதான் அக்கா," என்றார் பாய். மூவரும் சிரித்தோம்.

அதன் பிறகும் சில ஞாயிறுகள் வெறுங்காலோடு அங்கே ஏறினோம். காவி பட்ட இடங்களில் கால் படாமல் ஏற வேண்டியிருந்ததால் எங்கள் வேகம் இன்னும் குறைந்தது. அப்படி ஒன்று சாத்தியம் என்று நாங்களே நினைத்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து பாய் கடையில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஜீப் நின்றது. மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். சீட்டைப் பற்றிப் பேசவில்லை.

"பாறையில கயிறு கட்டி ஏறறவங்க நீங்கதானாமே? ராயக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன வேலை. மேல பட்டை போட்ட எடம் ஒண்ணு இருக்கு. மரியாதையா பூஜை போட்டு, அந்தக் கல்லை மட்டும் பேத்து இறக்கித் தரணும்."

அவருக்கு நேர் பின்னால், ஷட்டர் உத்தரத்தில், மெரூன் ஏணி தொங்கிக்கொண்டிருந்தது. தங்க பார்டரோடு.

பாய் அதைப் பார்க்கவில்லை. மெஷினில் நூல் கோத்துக்கொண்டே, "நாங்களா? தொப்பையப் பாருங்க சார். யாரோ தமாசு பண்ணிருக்காங்க," என்றார். வந்தவர் பாயின் வயிற்றைப் பார்த்தார், பிறகு என்னுடையதைப் பார்த்தார். என்னிடம், "நீங்க?" என்றார்.

"எனக்குத் தஞ்சாவூருங்க. எங்க ஊர்ல மேடே கிடையாது," என்றேன்.

அவர் திரும்பினார். ஏணி அவர் முகத்தில் உரசியது. கையால் விலக்கினார். "இது என்னது?"

"சீட் பெல்ட் சாம்பிள் சார். காயப் போட்டிருக்கேன்," என்றார் பாய்.

ஜீப் போன பிறகு நான் ரோடு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு பாய் ஸ்டூல் போட்டு ஏறி ஏணியை அவிழ்த்து, மடித்து, ரெக்ஸின் சுருள்களுக்கு அடியில் வைத்தார். இனி நாங்கள் அங்கே ஏறுவதை ஒருவர் பார்த்தாலும் போதும், செய்தி ஜீப்புக்குப் போய்விடும்.

எங்களுக்கு வாய்த்த ஒரே விரிசல் அது. அந்தத் தொப்பைக்கு மேலே உச்சி வரைக்கும் நாங்கள் இன்னும் போகவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சில சமயம் போகிறோம், கயிறு இல்லாமல், செருப்போடு, சுற்றுவழியில். உச்சியில் ஆடுகள் எங்களுக்கு முன்னால் வந்து தழை தின்றுகொண்டிருக்கும். போன வாரம் வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி, "ஏறினீங்களா?" என்று கேட்டாள்.

"ஏறத் தெரியாது," என்றேன்.

ஜீப் வந்ததை அவளிடம் சொல்லியிருந்தேன். ஒட்டடைக் கம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பாடு எடுத்துவைத்தாள்.